இன்னொரு கிதார் எதற்கு?



லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' என்றதும் ராக் ரசிகர்களின் கண்ணில் வந்து நிற்பவர் ஜிம்மி பேஜ்; தொடைக்குக் கீழே தொங்கும் கிப்சன் லெஸ் பால் கிதாரோடு. ஆனால் 1971-இல் வெளியான அந்த ஒலிப்பதிவின் கடைசிப் பகுதியில் பாய்ந்து வருகிற தனி வாசிப்பு லெஸ் பாலில் வாசித்ததல்ல. அது ஒரு ஃபெண்டர் டெலிகாஸ்டர். நண்பர் ஜெஃப் பெக் அவருக்குக் கொடுத்தது. அதே பாட்டை மேடையில் வாசிக்க வேண்டி வந்தபோது பேஜ் இரண்டு கழுத்துள்ள வேறொரு கிப்சனை மாட்டிக்கொண்டார். மேல் கழுத்தில் 12 தந்திகள், கீழ்க் கழுத்தில் 6. லெஸ் பால்தான் என்று நம்பியே அரை நூற்றாண்டாக அந்த வாசிப்பைக் கேட்டு உருகியவர்கள் ஏராளம். அதனால் அவர்கள் ரசனையில் குறை ஒன்றும் வந்துவிடவில்லை.

அப்படியென்றால் எந்தக் கிதாராக இருந்தால் என்ன? போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று ஏறக்குறைய இதையேதான் கேட்டது. எழுதியவர் மதுரைப் பக்கத்து வாசகி. கல்லூரியில் படிக்கும் மகனிடம் ஏற்கெனவே ஒரு மின்கிதார் இருக்கிறதாம். இப்போது வேறு மாதிரி ஒன்று வேண்டும் என்கிறானாம். "இதிலும் ஆறு தந்தி, அதிலும் ஆறு தந்தி. இவன் கேட்பது தேவையா, ஆசையா? நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார். இசைச் சிறப்பிதழ் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த கடிதம் என்பதால் பக்கத்து மேசை நண்பர்களெல்லாம் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆசைதான் என்றது பெரும்பான்மை. நான் சிறுபான்மை.

இந்தக் கேள்விக்குக் கேட்பவர் காதில் விடை தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. கிதார் மாறினால் ஒலி மாறும், உண்மைதான். ஆனால் ஆம்ப்ளிஃபயரும் ஒலிப்பதிவுக் கூடமும் சேர்ந்து அந்த வித்தியாசத்தின் பெரும்பங்கைக் கரைத்துவிடும். கரையாமல் நிற்பது வேறொன்று. ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடித்துவைப்பது, எங்கே வளைப்பது, எப்போது கைவிடுவது, எதை வாசிக்காமலே தாண்டிப்போவது என்கிற முடிவுகளை வாசிப்பவர் தனியாக எடுப்பதில்லை. மடியில் இருக்கிற மரமும் கம்பியும் காந்தமும் கூட உட்கார்ந்துதான் எடுக்கின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். ஃபெண்டர் கிதார்களில் தந்தியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம். கிப்சனில் சுமார் 24.75. வித்தியாசம் முக்கால் அங்குலம்தான். ஆனால் ஒரே பருமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறும். கணக்குப் போட்டால் ஃபெண்டரில் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் விறைப்பு. காகிதத்தில் இது அற்பம். ஒரு தந்தியை முழுச் சுரம் மேலேற இழுத்து, அங்கேயே நிறுத்தி அசைக்கிற விரலைக் கேட்டால் வேறு பதில் சொல்லும். கிப்சனில் அந்த இழுப்பு இளகிக் கொடுக்கும். அதனால் வாசிப்பவர் மறுபடி மறுபடி இழுப்பார். ஃபெண்டரில் தந்தி எதிர்த்து நிற்கும். அதனால் இழுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பார். விரல்பலகையின் வளைவும் இப்படித்தான். பழைய ஃபெண்டர்களில் அது 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக உருண்டிருக்கும். கார்டு பிடிக்கச் சுகமோ சுகம். தந்திகளைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேல் சுரங்களில் நெடுக இழுத்தால் மட்டும், பலகையின் உருட்டு குறுக்கே வந்து தந்தி வேறு ஃப்ரெட்டில் இடித்துச் சத்தம் செத்துவிடும். கிப்சனின் பலகை 12 அங்குல ஆரம், கிட்டத்தட்டத் தட்டை. அங்கே அந்தத் தொல்லை இல்லை.

மின்சாரம் வந்ததே கிதார்க்காரர்களின் கையை மாற்றிய முதல் சம்பவம் என்று சொல்ல வேண்டும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் பெரிய ஜாஸ் குழுக்களில் கிதார் ஓர் ஓரமாக உட்கார்ந்து தாளத்துக்குக் கார்டு அடித்துக்கொண்டிருந்தது. தனியாக ஒரு சுரம் வாசித்தால் அடுத்த நாற்காலிக்குக்கூடக் கேட்காது. 1936-இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 என்ற மின்கிதாரை வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். கார்டுகளை விட்டுவிட்டு, சாக்ஸபோன்காரர் மூச்சு விடாமல் ஊதுவதுபோல நீண்ட ஒற்றைச் சுர வரிகளை அவர் வாசிக்கத் தொடங்கியதும் கிதார் முன்வரிசைக்கு வந்துவிட்டது. 1942-இல், 25 வயதில், காசநோயில் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த ஜாஸ் கிதார்க்காரர் எவரும் அந்த மூன்று வருடத்தைத் தாண்டாமல் போக முடியவில்லை.

அடுத்த திருப்பத்துக்குக் காரணமானவருக்கோ கிதாரே வாசிக்கத் தெரியாது. லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். தெரியாததுதான் அவர் பலமோ என்னவோ, இசைக்காரர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார். 1950-இல் அவர் செய்த கிதார், பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது, அலங்காரமே இல்லாத ஒரு பலகை. கழுத்தைத் திருகாணியால் முடுக்கியிருந்தார். ஓரம் விலாவில் குத்துகிறது என்று வாசித்தவர்கள் புகார் சொன்னார்கள். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் முன்கை படும் இடத்தையும் வயிறு படும் இடத்தையும் செதுக்கிக் குறைத்தார். அதோடு தந்தியின் அதிர்வை வாங்கும் மூன்று பிக்கப்கள், சுருதியைக் கீழே தள்ளி மேலே விட ஒரு டிரெமலோ கம்பி. நின்றபடியே மணிக்கணக்கில் வாசிக்கிறவர்களின் உடம்பை மனத்தில் வைத்து இழைத்த கிதார் அது.

டெலிகாஸ்டரின் ஒலியை 'இனிமை' என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் அது சுள்ளென்று தொடங்கும், சட்டென்று வற்றும், தவறு எதையும் மறைக்காது. அமெரிக்க கண்ட்ரி இசைக்காரர்கள் அந்தக் குணத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு கையில் பிக்கும் மற்ற விரல்களும் சேர்ந்து தந்தியைக் கொத்திக் கொத்தி எடுக்கிற வாசிப்பு இதில்தான் செழித்தது. சுரம் நீண்டு நிற்காது என்றால், நிற்க வேண்டிய அவசியம் இல்லாதபடி வாசித்துவிட வேண்டியதுதானே! அதே கண்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கிதார் ஒன்று வழுக்கி வழுக்கிப் பாடிக்கொண்டிருந்தது. அந்த வழுக்கலின் மேல் ஆசைப்பட்ட கிளாரன்ஸ் வைட் 1960-களின் பிற்பகுதியில் ஜீன் பார்சன்ஸோடு சேர்ந்து டெலிகாஸ்டருக்குள் ஒரு நெம்புகோலைப் புகுத்தினார். கழுத்தைக் கீழே அழுத்தித் தோள்வாரை இழுத்தால் இரண்டாம் தந்தி மட்டும் ஒரு முழுச் சுரம் ஏறும். வாசிப்பவரின் தோளும் ஒரு விரலாகிவிட்டது.

கிப்சன் முகாமின் கதை வேறு. 1952-இல் வந்த லெஸ் பால் கனத்த மகோகனி மரம், மேலே மேப்பிள், ஒட்டிய கழுத்து. நாலு கிலோவுக்கு மேல் எடை. 1957-இல் அதில் ஏறியது சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப். சாதாரணப் பிக்கப் ஒரே ஒரு கம்பிச் சுருள். தந்தியின் அதிர்வோடு அறையில் ஓடும் மின்சாரத்தின் 'உம்ம்' சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, எதிரெதிர்க் காந்தமுனையோடு அடுத்தடுத்து வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, தந்தியின் குரல் மட்டும் இரட்டிப்பாகிறது. இரைச்சலை ஒழிக்கத்தான் இதைச் செய்தார்கள். ஆனால் உடன் வந்தது தடித்த, ஓரம் மழுங்கிய, ஆம்ப்ளிஃபயரைத் திணறவைக்கிற வலுவான ஒலி. திணறிய ஆம்ப்ளிஃபயர் சுரத்தை நீட்டிப் பிடித்தது. நீண்ட சுரம் கையில் கிடைத்தவுடன் வாசிப்பவருக்கு அதை அசைக்கவும், மெல்லக் குலுக்கவும், அதன் மேலேயே நின்று பார்க்கவும் நேரம் கிடைத்தது.

இரண்டு முகாமிலும் வாழ்ந்தவர் எரிக் கிளாப்டன். 1966-இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு அவர் வாசித்த தொகுப்பில் ஒரு லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, மேடையில் வைக்கிற அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். கொழுத்த, அழுகிற, விடாமல் தொங்குகிற சுரங்கள். அந்தக் கிதார் அதே வருடம் களவு போனது. 1970-இல் நாஷ்வில் நகரக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றை மலிவாக வாங்கி, நண்பர்களுக்குக் கொடுத்தது போக மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். 'பிளாக்கி' என்று பெயர். 2004-இல் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது அதுதான். பிளாக்கி காலத்து கிளாப்டன் குறைவாகப் பேசுகிறவர். வரிகளுக்கு நடுவே காற்று இருக்கும். இதையெல்லாம் கிதாரின் கணக்கில் எழுதிவிடலாமா என்றால், கூடாது. அவருக்கு வயதும் ஏறியது, சத்தத்தில் இருந்த மோகமும் குறைந்தது. ஆனாலும் பழைய லெஸ் பாலையே அவர் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் அந்தக் காற்று அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதைவிடத் தெளிவான சாட்சி மார்க் நாஃப்ளர். 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டை அவர் முதலில் அமைத்தது உலோக உடம்புள்ள ஒரு நேஷனல் கிதாரில். பாட்டு சப்பென்று இருப்பதாகவே அவருக்குப் பட்டதாம். 1977-இல் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கி அதே பாட்டை அதில் வாசித்தபோது பாட்டு உயிர்பெற்றதென்றும், புதிய கார்டுகள் தாமாகவே வந்து உட்கார்ந்தன என்றும் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், ஒலி நன்றாக இருந்தது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. பாட்டின் எலும்பே மாறியிருக்கிறது. பிக் இல்லாமல் வெறும் விரலால் அவர் பறிக்கிற சுரங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் இரண்டு பிக்கப்கள் சேர்ந்து தருகிற கண்ணாடிபோன்ற ஒலியோடு ஒட்டிக்கொண்டன. அந்த ஒலி லியோ ஃபெண்டர் திட்டமிட்டதுகூட இல்லை. அவர் வைத்த சுவிட்சுக்கு மூன்றே நிலை. இரண்டு நிலைகளுக்கு நடுவே சுவிட்சை மெதுவாக நிறுத்தினால் புதிதாக ஒன்று கிடைக்கிறது என்று வாசித்தவர்கள் கண்டுபிடித்து, அதை அங்கேயே நிற்கவைக்க என்னென்னவோ செய்தார்கள். 1977-இல்தான் தொழிற்சாலையே ஐந்து நிலைச் சுவிட்சைக் கொடுத்தது.

ஜெஃப் பெக்கைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுத ஆசை. இங்கே ஒரு பத்தியோடு அடக்கிக்கொள்கிறேன். எழுபதுகளில் லெஸ் பால் வாசித்து அதிலும் பேர் வாங்கியவர், பிறகு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நிலைத்தார். எண்பதுகளில் பிக்கையும் விட்டுவிட்டு விரலுக்கு மாறினார். ஸ்ட்ராட்டில் ஒலி அளவைத் திருகும் குமிழ் தந்திக்கு மிக அருகில், சுண்டுவிரல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தவறுதலாகக் கை பட்டுச் சத்தம் குறைந்துவிடுகிறது என்று பலர் திட்டுகிற இடம் அது. பெக் அதையே மூச்சும் பேச்சுமாக ஆக்கிக்கொண்டார். தந்தியைப் பறித்த பிறகு குமிழைத் திறந்தால் சுரத்தின் தொடக்கம் கேட்காமல் அது காற்றிலிருந்து ஊறி வருவதுபோல இருக்கும். மற்ற விரல்கள் டிரெமலோ கம்பியில். 1989-இல் வந்த 'வேர் வேர் யூ' என்ற வாசிப்பில் பல்கேரியப் பெண்கள் பாடகர் குழுவின் பாதிப்பில், மணியோசைபோன்ற இயல்சுரங்களைத் தட்டி, அந்தக் கம்பியாலேயே முழு மெட்டையும் பாடவைத்தார். 2001-இல் நிதின் சாஹ்னியின் 'நாடியா' பாட்டை எடுத்துக்கொண்டு, இந்தியக் குரல் ஒன்றின் நெளிவுகளை ஆங்கிலேயக் கை எப்படித் தொடும் என்று காட்டினார். அதே மனிதரிடம் நாலு குமிழும் தூரத்தில் இருக்கிற, டிரெமலோ கம்பியே இல்லாத லெஸ் பாலைக் கொடுத்திருந்தால்? நன்றாகத்தான் வாசித்திருப்பார். இதை வாசித்திருக்க மாட்டார்.

ஹெண்ட்ரிக்ஸைச் சொல்லாமல் போனால் கடிதங்கள் வரும். இடதுகைக்காரரான அவர் வலதுகை ஸ்ட்ராட்டைத் தலைகீழாகப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டினார். அதனால் குமிழ்களும் டிரெமலோ கம்பியும் மேலே போயின. சாய்வாக இருக்கும் பிரிட்ஜ் பிக்கப்பும் திரும்பி, தடித்த தந்திகள் இறுக்கமாகவும் மெல்லிய தந்திகள் சற்று மென்மையாகவும் ஒலித்தன.

இத்தனையிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது டோனி அயோமியின் கதை. பர்மிங்ஹாமில் உலோகத் தகடு தொழிற்சாலையில் வேலை பார்த்த 17 வயதுப் பையன். இயந்திரத்தில் வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவரும் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துகிற கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தொப்பிக்கு உணர்ச்சி கிடையாது. கனத்த தந்தியை அழுத்தினால் வலிக்கும், நழுவும். மெல்லிய தந்தி கடையில் கிடைக்காத காலம் என்பதால் பாஞ்சோ தந்திகளைக் கட்டிப் பார்த்தார். பிளாக் சப்பாத் குழுவின் முதல் தொகுப்பைப் பதிவு செய்யும்போது அவருடைய ஸ்ட்ராட்டின் பிக்கப் கெட்டுப்போக, கூட வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். நீளம் குறைந்த, எடை குறைந்த, தந்தி இளகிய கிதார். 1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் சில பாட்டுகளுக்குச் சுருதியை மூன்று அரைச் சுரம் கீழே இறக்கினார். தந்தி இன்னும் தொய்ந்தது. வேகமாக ஓட முடியாத விரல்கள், இரண்டு தந்திகளில் பிடிக்கிற எளிய கார்டுகள், ஆழத்திலிருந்து உறுமுகிற ஒலி. ஹெவி மெட்டல் என்று பிறகு ஒரு சாதியே உருவானதில், காயம்பட்ட ஒரு கைக்கும் அந்தக் கைக்கு இணங்கிய ஒரு கிதாருக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

"எல்லாம் விரலில்தான் இருக்கிறது, மரத்தில் ஒன்றுமில்லை" என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. எங்கள் அலுவலகத்தில் அதற்குத்தான் பெரும்பான்மை என்று முன்பே சொன்னேன். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெஸ் மாண்ட்கோமரி பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலின் சதையால் வாசித்தார். அந்தப் பஞ்சுபோன்ற ஒலிக்குக் காரணம் அவருடைய பெரிய கிப்சன் எல்-5 மட்டும் என்றால் அதே கிதாரை வாங்கிய எல்லோருக்கும் அது வந்திருக்க வேண்டும். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் பயிற்சி; அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் இருக்கத்தான் கட்டைவிரலுக்கு மாறினார் என்று சொல்வார்கள். அப்படியானால் ஜாஸ் உலகம் இண்டியானாபொலிஸ் நகரத்து மெல்லிய சுவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டைவிரலின் மெத்தென்ற தொடுகையை எதிரொலியோடு ஏந்திக்கொள்ள, உள்ளே வெற்றிடமுள்ள அந்தப் பெரிய உடம்பும் கனத்த தந்தியும் தேவைப்பட்டன. ஒரு பலகை டெலிகாஸ்டரில் அவர் அவ்வளவு மென்மையாகத் தொட்டிருந்தால் அவருக்கே அலுத்திருக்கும்.

நம் ஊர் மேடைக்கு வருவோம். கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறவருக்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. சீரியல் விளக்குகள், டியூப்லைட்டுகள், வாசலில் ஜெனரேட்டர், எர்த் இல்லாத பிளக். அமெரிக்காவில் நொடிக்கு 60 சுழற்சியில் உறுமும் மின்சாரம் இங்கே 50 சுழற்சியில் உறுமும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்திருப்பவர் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சட்டென்று ஒலியைக் குறைப்பார். இரைச்சல் எந்தத் திசையில் குறைகிறது என்று பார்த்து மெல்லத் திரும்பி நிற்பார். பாடகியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து வாசிக்கிறாரே என்று நீங்கள் நினைத்திருந்தால் காரணம் இதுதான். ஒரே இரவில் பழைய மெலடியும் புதிய குத்துப்பாட்டும் நடுவில் ஒரு ராக் அலறலும் வாசிக்க வேண்டியவர், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இடங்களில் ஒற்றைச் சுருளும் உள்ள கிதாரைத் தேடுவதில் ஆச்சரியம் இல்லை.

விரல்பலகையின் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெருகு பூசிய மேப்பிள் பலகை வழவழவென்று விரலை ஓடவைக்கும். மெருகில்லாத ரோஸ்வுட் சற்றே உலர்ந்து விரலைப் பிடிக்கும். அந்த ரோஸ்வுட்டில் பெருமளவு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். தொடக்கத்தில் பிரேசில் நாட்டு மரத்தைப் பயன்படுத்திய நிறுவனங்கள் பிறகு இந்திய ஈட்டிக்கு மாறின. 2011-இல் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் தொழிற்கூடங்களைச் சோதனையிட்டபோது அள்ளிச்சென்றதில் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளும் இருந்தன. 2017-இல் இந்த மரக் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. மர வகையால் ஒலி மாறும் என்று கடைக்காரர்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகம் நிறைய. விரலுக்குத் தட்டுப்படும் வித்தியாசத்தில் சந்தேகமே இல்லை.

மதுரை அம்மா காத்திருப்பார். உங்கள் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கிதாரில் உன் கையால் செய்ய முடியாதது எது?" அவன் ஒரு நடிகர் பெயரையோ நிறத்தையோ சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். தந்தி இழுபடவில்லை என்றால், முதலில் ஒரு நல்ல கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தந்தியின் உயரத்தைச் சரிசெய்து, ஓர் அளவு மெல்லிய தந்தி மாற்றச் சொல்லுங்கள். பல வீடுகளில் 'இரண்டாவது கிதார்' என்பது ஒழுங்காகச் செப்பனிட்ட முதல் கிதார்தான். அதற்குப் பிறகும் கேட்டால் வாங்கிக் கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: முதலாவதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். ஸ்ட்ராட் சாயல் இருக்கிறதென்றால் ஹம்பக்கர் உள்ள குட்டை நீளக் கிதார். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. கழுத்து முறுக்காமல் நேராக இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் பழையதைத் தொடவிடாதீர்கள்.

நமக்கு நெருக்கமான பகுதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கமகத்துக்கும் கிதாரின் மெட்டுகளுக்கும், அதாவது ஃப்ரெட்டுகளுக்கும், ஆகாது என்பது பழைய வாதம். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டு, தந்தியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்க இடம் தரும். கிதாரில் விரல்நுனி பலகையில் உரசி நின்றுவிடும். ஜான் மெக்லாலின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் இரட்டைக் கழுத்து மின்கிதாரோடு இடி மின்னலாக வாசித்துக்கொண்டிருந்தவர், எழுபதுகளின் நடுவில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் ஹுசேன், கடம் விக்கு விநாயகராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவை அமைத்தபோது அதை வைத்துவிட்டார். கிப்சன் நிறுவனத்தில் ஏப் வெக்டர் அவருக்காகச் செய்த அகூஸ்டிக் கிதாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். குறுக்கே ஏழு அனுதாபத் தந்திகள். பள்ளத்தில் விரல் மரத்தைத் தொடாது, தந்தியை மட்டும் தொடும். இழுப்பு வீணையை நோக்கி ஓர் அடி நகர்ந்தது. அந்தக் குடைவை அவர் பிறகு மின்கிதாருக்கும் கொண்டுபோனார்.

யு. ஸ்ரீநிவாஸ் இன்னும் துணிந்தவர். மாண்டலின் எட்டுத் தந்தி வாத்தியம். இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஜோடித் தந்தியை வளைத்தால் இரண்டும் ஒரே அளவு வளையாது, சுருதி பிசகும். பறித்த ஒலியோ கண் சிமிட்டுவதற்குள் மறையும். மறைந்த சுரத்துக்குக் கமகம் ஏது? ஜோடிகளைப் பிரித்து ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, பிக்கப்போடு மின்மாண்டலினாக வாசித்தார். சத்தம் போதவில்லை என்பதற்காக மின்சாரத்திடம் போனதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரல் அசைந்து முடிகிறவரை சுரம் உயிரோடு இருக்க வேண்டும், அதற்குத்தான். 1981-இல் சென்னையில் அந்தச் சிறுவன் முதல்முறை மேடையேறியபோது முகம் சுளித்தவர்கள், தோடியையும் கல்யாணியையும் அதில் கேட்ட பிறகு அடுத்த கச்சேரிக்கு முன்வரிசை தேடினார்கள். மெக்லாலினின் 'ரிமெம்பர் சக்தி' மேடையில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசிக்கும் பதிவுகள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். 2014 செப்டம்பரில், 45 வயதில் ஸ்ரீநிவாஸ் மறைந்தார்.

ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு மின்கிதாரில் கர்நாடகக் கச்சேரி செய்யும் ஆர். பிரசன்னா, ஹெண்ட்ரிக்ஸுக்கு வணக்கம் சொல்லி 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு தொகுப்பே வெளியிட்டார். ஒரே விரல், ஒரே தந்தி, ஒரு பக்கம் புளூஸ் இழுப்பு, மறுபக்கம் ஜாரு கமகம்.

அடுத்த இதழின் வாசகர் பக்கத்தை வாத்தியம் மாற்றியவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கிதார்தான் என்றில்லை. திமிரியிலிருந்து பாரி நாயனத்துக்கு வந்தவர்கள், மர வயலினை விட்டு மின்வயலின் எடுத்தவர்கள், ஹார்மோனியத்திலிருந்து கீபோர்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள், எல்லோரும் எழுதுங்கள். விலையையும் பெருமையையும் விட்டுவிடுங்கள். மாற்றிய முதல் வாரத்தில் கை எதைச் செய்ய மறுத்தது, எதைப் புதிதாகச் செய்தது என்று மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். மாதம் 20-ஆம் தேதிக்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்